பந்துலவின் பேரில் ஒரு தானம்

ஸ்ரீயாலதாவுக்கும் அவள் மாமியார் எமலினுக்கும் நடந்த சண்டை அந்தக் கடற்கரை முழுக்கத் தெரிந்த சண்டை. பந்துலவின் பேரில் தானம் கொடுக்க வேண்டும் என்றாள் எமலின். கூடாது என்றாள் ஸ்ரீயா. இந்த ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் உலை வைத்து, ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்து, மாதக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். ஊர்ப் பெண்களுக்கு இதில் பாதி வருத்தம், பாதி பொழுதுபோக்கு.

பந்துல எமலினுக்கு ஒரே மகன், ஸ்ரீயாவுக்குப் புருஷன். ஆழ்கடலுக்குப் போகிற நெடுநாள் படகை ஓட்டுகிறவன். வெசாக் பண்டிகை முடிந்த கையோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். எஞ்சின் தகராறு பண்ணுகிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ரேடியோவில் ஒரு தடவை அவன் குரல் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கடற்படை தேடியது. மற்றப் படகுக்காரர்கள் தங்கள் எண்ணெயைச் செலவழித்துத் தேடினார்கள். ஒரு மிதவைகூட அகப்படவில்லை.

உடம்பு கிடைத்த வீட்டில் வழி தெளிவாக இருக்கும். ஏழாம் நாள் தானம், மூன்றாம் மாதத் தானம், வருஷத் தானம் என்று ஹாமதுருமாரை, அதாவது பிக்குகளை, அழைத்துச் சோறு போட்டு, அதில் வந்த புண்ணியத்தைச் செத்தவருக்கு விட்டுக்கொடுத்து, அழுகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடலாம். உடம்பு கிடைக்காத வீட்டில் யார் முதலில் வாய் திறப்பது? எமலின் திறந்தாள். மூன்றாம் மாதமே திறந்தாள். அதை ஸ்ரீயாவால் மன்னிக்க முடியவில்லை.

எமலினைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட முடியாது. அவள் பயம் வேறு. அந்த ஊர் ஆம்பிளைகள் புத்த விகாரையான பன்சலையில் பஞ்ச சீலம் எடுப்பதைப் பார்க்க வேண்டும். உயிர்க்கொலை செய்யமாட்டேன் என்கிற முதல் சீலம் வரும்போது அத்தனை பேருக்கும் சொல்லிவைத்தாற்போல் தொண்டை கட்டிவிடும். இரண்டாவதிலிருந்து கணீரென்று வரும். பந்துலவும் அப்படி முணுமுணுத்தவன்தான். ஆயுசு முழுக்க மீனைக் கொன்றவன், கடைசி நேரத்தில் காதில் நாலு நல்ல வார்த்தை ஓத ஆளில்லாமல் போயிருந்தால் இப்போது எந்தப் பிறவியில் கிடந்து தவிக்கிறானோ என்று அந்தக் கிழவி மருகினாள். சாயங்காலமானால் வாசல் படலைக்கு வெளியே அவன் தாகத்துக்கென்று ஒரு செம்பு தண்ணீர் வைப்பாள். ஸ்ரீயா காலையில் அதை எடுத்து மிளகாய்ச் செடிக்கு ஊற்றிவிடுவாள்.

"ஒரு வாய் தண்ணி குடுக்கக் கூட விடமாட்டியா புள்ள?" என்று ஒருநாள் கேட்டாள் எமலின்.

"உசுரோட இருக்கற ஆளுக்கு எதுக்கு மாமி வாசல்ல தண்ணி வைக்கணும்? வந்தா உள்ள வந்து குடிப்பாரு."

உயிரோடு இருக்கிறான் என்று ஸ்ரீயாவுக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் வந்தது வினை.

பௌர்ணமிப் போயா நாளில் வெள்ளை உடுத்திச் சீலம் எடுத்து உட்காருகிற பெண்களுக்கு மைத்ரி பாவனை சொல்லிக்கொடுத்தவர் சுமேத ஹாமதுரு. வயது முப்பதுதான் இருக்கும். கண்டிப் பக்கத்து மலையிலிருந்து வந்தவர். மாசிக் கருவாடு புகைகிற பக்கமிருந்து காற்று வீசினால் அவர் காவிச் சீவரத்தின் நுனி மூக்குக்குப் போகும், அடுத்த நிமிஷமே வெட்கப்பட்டு இறங்கும். பாவனை ஒன்றும் கஷ்டமில்லை என்றார். முதலில் தன்னை நினைத்து, நலமாக இருக்கட்டும் என்பது. பிறகு பிரியமான ஒருவரை நினைத்து அதையே சொல்வது. அப்புறம் வேண்டியவரும் வேண்டாதவருமாக இல்லாத ஒருவர். கடைசியில் ஆகாதவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கதை சொல்லாமல் அந்த மனுஷருக்கு இருக்க முடியாது. பிரியமானவர் என்று செத்துப்போனவரை எடுத்துக்கொள்ளக் கூடாது, மைத்ரி அங்கே ஒட்டாது, மனம் வழுக்கிவிடும் என்றார். அந்தக் காலத்தில் ஒரு பிக்கு தன் குருவை நினைத்து உட்கார்ந்தாராம். எவ்வளவு முயன்றும் மனம் நிற்கவில்லையாம். விசாரித்தால் குரு காலமாகி இருந்தாராம். மற்றப் பெண்கள் அப்படியா என்று கேட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொள்ளப் போனார்கள். ஸ்ரீயா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அவள் தொழில் மாசி போடுவது. சூரை மீனை அவித்து, முள் நீக்கி, புகையில் கட்டையாகக் காய வைப்பது. மறுநாள் விடிகிற நேரத்தில், அடுப்பு மூட்டுவதற்கு முன், புகைக் கொட்டிலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். தன்னை நினைக்கிற முதல் படியை அவசரமாகத் தாண்டினாள். பந்துலவை நினைத்தாள். தடித்த கழுத்து, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் இழுக்கிற வாய், சோற்றில் கை வைக்குமுன் ஒருமுறை சட்டியை எட்டிப் பார்க்கிற பழக்கம். நலமாக இருங்கள் என்றாள். மனம் நின்றது. ஆணி அடித்த மாதிரி நின்றது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இருக்கிறான். மாலைதீவிலோ பர்மாக் கரையிலோ ஏதோ ஒரு முகாமில், மொழி தெரியாமல், தாடி வளர்ந்து, இருக்கிறான்.

அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்தாள். தினமும் நின்றது. தனக்குள்ளே வைத்துக்கொண்டிருந்தால் தனக்குள்ளேயே போயிருக்கும். பந்துலவோடு போன ருவனின் பெண்டாட்டி தில்ஹானி ஒருநாள் கைக்குழந்தையோடு வந்து அழுதபோது, பாவமாக இருக்கிறதே என்று இதைச் சொல்லிவிட்டாள். படகு இருந்தால் ஐந்து பேரும் இருப்பார்கள் இல்லையா? அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்தால் போதும் என்று இருந்தவள், இதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

தினமும் காலையில் கொட்டில் வாசலில் வந்து நிற்பாள். "இன்னைக்கு?" என்பாள்.

"நின்னுச்சு" என்பாள் ஸ்ரீயா.

அவ்வளவுதான் பேச்சு. தில்ஹானி போய் நிம்மதியாக அரிசி களைவாள். காலி நகரத்தில் இருந்த அவள் அக்கா, தைக்கிற ஃபாக்டரியில் வேலை பார்த்து வைத்திருக்கிறேன், தங்க அறையும் இருக்கிறது, குழந்தையோடு வந்துவிடு என்று மாதம் ஒருமுறை ஆள் அனுப்பினாள். ஸ்ரீயாக்காவுக்கு நிற்கிறது, ருவன் வந்து பூட்டின வீட்டைப் பார்க்கக் கூடாது என்று இவள் மறுத்துக்கொண்டே இருந்தாள். விஷயம் கேள்விப்பட்ட எமலின் கிணற்றடியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "கண்ணை மூடினா கடலுக்கு அந்தப் பக்கம் தெரியுதாம். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா கடற்படைக்கு எதுக்குக் கப்பல்?"

ஸ்ரீயாவைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஒரு மனுஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் எழுந்து மீன் அவித்துப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் புரியும். அவளுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. கடல் தரவில்லை, அரசாங்கம் தரவில்லை, தன் மனசிடம் போய்க் கேட்டாள். இதில் என்ன பைத்தியக்காரத்தனம் இருக்கிறது?

அடுத்த வெசாக்கும் நெருங்கி, வருஷத் தானத்துக்கு எமலின் பாத்திரம் இரவல் சொல்லத் தொடங்கிய சமயத்தில் ஒருநாள் காலை மனம் நிற்கவில்லை.

பந்துலவின் முகம் வந்தது, போனது. அந்த இடத்தில் மாமியாரின் இரவல் அண்டா வந்தது. அதைத் தள்ளினால் சரியாக வேகாத சூரை மீன் வந்தது. மறுபடி பிடித்து இழுத்தாள். கழுத்து வந்தது, வாய் வரவில்லை. வாய் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேர்த்துக் கொட்டியது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

தில்ஹானி வழக்கம்போல வாசலில் நின்றாள். குழந்தைக்கு நெஞ்சுச் சளி. அவளுக்கே கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"இன்னைக்கு?"

"நின்னுச்சு" என்றாள் ஸ்ரீயா.

பொய் சொல்லமாட்டேன் என்று போன போயாவில்தான் கைகூப்பிச் சீலம் எடுத்திருந்தாள். ஆனால் அவளைக் குத்தியது சீலம் முறிந்தது கூட இல்லை. அந்தப் பெண் சரி அக்கா என்று சொல்லிவிட்டு, இருமுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டை விழுந்த அந்த வாடகை வீட்டுக்கே திரும்பிப் போனதைப் பார்த்தபோது, தன் வாயில் வருகிற ஒரு சொல்லில் ஒரு குடும்பமே தொங்கிக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பன்சலைக்குப் போனாள்.

சுமேத ஹாமதுரு அரச மரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். விழுந்து வணங்கிவிட்டு, மனசு நிற்கவில்லை என்றால் ஆள் செத்தாகிவிட்டது என்று அர்த்தமா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு மதில் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது.

"நேத்து நான் எங்கம்மாவை நினைச்சுத்தான் உட்கார்ந்தேன், உபாசிகாம்மா" என்றார். "சுத்தமா நிக்கல. முதுகு வலி, அப்புறம் பன்சலைக் கரண்ட் பில். இன்னைக்குக் காலைல அம்மா போன் பண்ணி, ஏன்டா போன வாரம் பேசலன்னு ஒரு பிடி பிடிச்சாங்க. அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

வேறொரு நாளாக இருந்தால் ஸ்ரீயா சிரித்திருப்பாள். இப்போது கோபம் வந்தது. ஹாமதுருவிடம் அப்படிக் கேட்கலாமா என்பதெல்லாம் மறந்துபோயிற்று. "அப்ப அந்தக் கதையை எங்ககிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

"நூல்ல இருக்கு, சொன்னேன். பாவனை பழகற பிக்குமாருக்காக வச்ச கதை அது. கடல்ல ஆளை விட்டவங்க முன்னால உட்கார்ந்திருக்காங்கன்னு யோசிக்கல." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நின்னதுக்கும் அர்த்தம் இல்ல, நிக்காததுக்கும் அர்த்தம் இல்ல. அது உங்க மனசு. அது எப்படி அவரைப் பத்திச் சொல்லும்?"

இத்தனை மாதமாகப் பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையில் ஒன்றுமே கட்டியிருக்கவில்லை என்று ஒருவர் இவ்வளவு மெதுவாகச் சொன்னால் என்ன பேசுவது? காற்று கடற்கரைப் பக்கமிருந்து வீசியது. அவர் மூக்கைத் தொடவில்லை.

"உட்கார்ந்து என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"நலமா இருங்கன்னு."

"அப்புறம்?"

"அப்புறம்... இருக்கீங்களான்னு."

"அதுல எது முதல்ல?"

ஸ்ரீயா தரையைப் பார்த்தாள்.

"நலமா இருன்னு மனசாரச் சொல்றவங்க பதிலுக்குக் காத்திருக்க மாட்டாங்க, உபாசிகாம்மா. பாவம், அவர் எங்க இருந்தாலும், நீங்க தினம் காலைல கூப்பிட்டு விசாரணை பண்ணியிருக்கீங்க."

அப்போதுதான் அவள் உள்ளே கிடந்த உண்மையான பயத்தை வெளியே எடுத்தாள். மாமி சொல்கிற தானத்தைக் கொடுத்துவிட்டு, அவர் உயிரோடு இருந்தால்? செத்தவர் பட்டியலில் பேரைச் சேர்த்ததால் நாங்களே அவருக்கு ஏதாவது வரவழைத்துவிட்டால்? ஹாமதுரு இதற்கு யோசிக்கவில்லை. சோறு போட்டு யாரையும் கொல்ல முடியாது என்றார். அந்தப் புண்ணியத்தை வாங்கிக்கொள்ள அவர் அங்கே இல்லை என்றால், உங்கள் குடும்பத்தில் முன்னே போன யாருக்காவது போய்ச் சேரும், ஒருவருமே இல்லை என்றாலும் கொடுத்தவர் கை வெறுமையாகத் திரும்பாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றார். கொடுப்பதா வேண்டாமா என்று மட்டும் நான் சொல்லமாட்டேன், ஒருமுறை வாயைத் திறந்து பட்டது போதும் என்றார்.

அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. தில்ஹானியின் வீட்டுக்குப் போனாள். உள்ளே ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்திருந்தது. மூன்று நாளாக நிற்கவில்லை, நான் பொய் சொன்னேன், நின்ற நாளிலும் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லையாம் என்று நின்றபடியே சொன்னாள். தில்ஹானி அழுவாள் என்று நினைத்தாள். அழவில்லை.

"இத்தனை மாசமா என்னை இங்கயே உக்கார வச்சுட்டியே அக்கா" என்றாள். அந்த வாரக் கடைசியிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலிக்கு பஸ் ஏறினாள். போகிற வழியில்தான் ஸ்ரீயாவின் வீடு. திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் நியாயமான கோபம்தான்.

எமலினிடம் போய், தானம் கொடுப்பதென்றால் கொடுங்கள் என்றாள் ஸ்ரீயா. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். "சமைக்கிறேன், பாய் விரிக்கிறேன், எல்லாம் செய்யறேன். கடைசில தண்ணி ஊத்தறதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. அது என்னால ஏலாது."

எமலின் சரி என்றாள். வெகு சீக்கிரமாகச் சரி என்றாள். ஜெயித்தவள் மாதிரி நிமிர்ந்து நடப்பாள் என்று ஸ்ரீயா எதிர்பார்த்தாள். கிழவி அண்டாவை எடுத்து, ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்ததை மறுபடி தேய்க்க உட்கார்ந்தாள்.

தானத்தன்று காலை ஐந்து ஹாமதுருமார் வந்தார்கள். பக்கத்து வீட்டு ஆம்பிளைகள் வாசலில் நின்று கால் கழுவித் துடைத்து உள்ளே அழைத்தார்கள். சோறு, பருப்பு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, மீன், தயிரும் கித்துள் பாணியும் என்று ஸ்ரீயா விடிவதற்கு முன்பிருந்தே சமைத்திருந்தாள். எல்லாவற்றையும் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டுக் குசினிக் கதவோரம் ஒதுங்கி நின்றாள். ஹாமதுருமார் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். புண்ணியம் விடுகிற நேரம் வந்தது. வெள்ளைத் துணி விரித்து, தட்டில் ஒரு கோப்பையும் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பும் வைத்தார்கள். ஓதி முடிகிறவரை செம்பிலிருந்து கோப்பைக்கு நிறுத்தாமல் ஊற்ற வேண்டும், நிரம்பி வழிய வேண்டும். வழக்கமாக வீட்டார் எல்லோரும் சேர்ந்து அந்தச் செம்பைப் பிடித்துக்கொள்வார்கள். இங்கே எமலின் தனியாக உட்கார்ந்து இரண்டு கையாலும் தூக்கினாள்.

சுமேத ஹாமதுரு ஓதத் தொடங்குமுன், முறைப்படி, யார் பேருக்கு என்று கேட்டார்.

எமலின் வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை. ஒன்பது மாதமாகக் கிணற்றடியிலும் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும், பந்துலவுக்குத் தானம், பந்துலவுக்குத் தானம் என்று கூசாமல் சொன்ன வாய் அது. இப்போது உதடு மட்டும் ஆடியது. ஹாமதுரு காத்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழவியின் கையில் செம்பு சாய்ந்து, துணியில் தண்ணீர் சிந்தியது. அவள் திரும்பிக் குசினிக் கதவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் ஸ்ரீயாவுக்கு எல்லாம் விளங்கியது. மகன் செத்துவிட்டான் என்று இந்தக் கிழவி ஒரு நாள்கூட நம்பவில்லை. நம்பியிருந்தால் பேர் சுலபமாக வந்திருக்கும். ஒருவேளை செத்திருந்தால் தாகத்தில் தவிப்பானே என்கிற பயம் மட்டும்தான் அவளைப் பிடித்து ஆட்டியது. ஒரே நம்பிக்கையை ஆளுக்கொரு மூலையில் ஒளித்துவைத்துக்கொண்டு, அடுத்தவள் அதைத் திருட வருகிறாள் என்று இரண்டு பேரும் சண்டை போட்டிருக்கிறார்கள். ஸ்ரீயாவுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அந்தக் கிழவி செம்போடு தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

போய் மாமியார் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். செம்போடு சேர்த்து அந்தக் கைகளைப் பிடித்தாள்.

"பந்துல பேருக்கு, ஹாமதுரு" என்றாள். "இந்த அம்மாவோட மகன். என் புருஷன்."

ஓதத் தொடங்கினார்கள். தண்ணீர் மெல்லிய நூலாகக் கோப்பைக்குள் இறங்கியது. எமலின் தலையைச் சாய்த்து ஸ்ரீயாவின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள்.

"அவன் திரும்பி வந்தா இதுக்கு என்னைத் திட்டுவான் புள்ள."

கோப்பை நிரம்பித் தட்டில் வழியத் தொடங்கியது.

"வரட்டும் மாமி" என்றாள் ஸ்ரீயா. "ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்கிக்குவோம்."